ஒண்ணுலேருந்து பதினஞ்சு வரைக்கும்

என்னக்கா, என் மொகத்தையே பாக்கீங்க, எங்கனயோ பாத்த மாதிரி இருக்கா?

இருக்கும். கொஞ்ச நாளா நான் பஸ்ஸுல ஏறினா ரெண்டு பேராவது இப்பிடித்தான் பாக்காவ. சில பேரு பாத்துட்டு, சிரிப்பை அடக்க மாட்டாம சன்னல் பக்கம் திரும்பிக்கிடுவாவ. நீங்க நேராப் பாக்கீங்க, அதான் நானே கேட்டுட்டேன். ‘லேகிய மகாராஜா’ பாத்தீங்களா? அதுல கொளத்துப் படித்துறையில பொம்பளைங்க உக்காந்து பேசுற சீன் வரும்ல? பச்சைச் சீலை கட்டிக்கிட்டு ஒருத்தி கையால அளவு காட்டுவாளே, அது நான்தான். பேரு உலகேஸ்வரி. வீட்டுல உலகு.

மெதுவாச் சிரிங்கக்கா. முன்னால, டிரைவருக்குப் பின்னாடி, நீலச் சட்டை போட்டு உக்காந்திருக்காவல்ல, அவியதான் எங்க வீட்டுக்காரரு, சொரிமுத்து. பொம்பளைங்க சீட்டுல எடம் இருக்குன்னு என்னை இங்கன உக்கார வச்சிட்டு அங்கன போயிட்டாவ. எப்பிடித் திரும்பித் திரும்பிப் பாக்காவ பாருங்க. கல்யாணமான புதுசுல கூட இப்பிடிப் பாத்தது கெடையாது.

கோயிலுக்குப் போறோம். கல்லிடுக்கு சாஸ்தா. அவிய குடும்பத்துக்குக் குலசாமி. ரோடு பிரியுற கல்லிடுக்கு விலக்குல எறங்கி, காட்டுக்குள்ள நடக்கணுமாம். கட்டி வந்ததுலேருந்து கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன், இன்னைக்குத்தான் நேரம் வாச்சிருக்கு. விலக்கு வர நேரம் கெடக்கு. அதுக்குள்ள அந்தப் படக் கதையைச் சொல்லிருதேன். ஆளாளுக்கு ஒரு மாதிரிப் பேசுதாவ, நடந்தது என்னன்னு எனக்குத்தான தெரியும்?

எங்க ஊரு கோட்டைப்புதூரு. ஊரு சின்னது, தெப்பக்கொளம் பெருசு. நடுவுல கல் மண்டபம், நாலு பக்கமும் படித்துறை. ராஜா காலத்துக் கொளமாம், நாங்க துணி தொவைக்கோம். போன சித்திரையில ரெண்டு காரு வந்து நின்னுச்சு. தொப்பி போட்ட ஒரு ஆளு எறங்கி, ரெண்டு கையையும் சட்டம் மாதிரி கண்ணுக்கு முன்னால வச்சு, கொளத்தை அங்கேயும் இங்கேயும் பாத்தாரு. அவருதான் டைரக்டரு. நான் சோப்பு நுரையோட நின்னுக்கிட்டு, “ஏட்டி, கொளத்தை வெலைக்குப் பேச வந்திருக்கானுவளோ?”ன்னு செல்லக்கிளிகிட்ட கேட்டேன். செல்லக்கிளி என் கொழுந்தன் பொண்டாட்டி. எனக்கு எளையவ, கல்யாணமாகி அப்பம் வருசம் கூட ஆகல. “வாங்கினா நம்ம அழுக்கையும் சேத்து வாங்கட்டும்க்கா”ன்னா. வாய்த்துடுக்கு ஜாஸ்தி அவளுக்கு.

ஊருப் பொம்பளைங்களை நடிக்கக் கேட்டதும் ஆம்பளைங்க கூடிட்டாவ. ஒரே கூச்சல். சினிமாக்காரனுக்குப் பொண்டு பிள்ளையை அனுப்புறதான்னு. அப்பம் எங்க பள்ளிக்கூடத்துத் தமிழ் சாரு எந்திரிச்சாரு. நான் எட்டாவது வரைக்கும் அவருகிட்டதான் படிச்சேன். அவரு வாயைத் தெறந்தா ஊரு அடங்கும். “இது சினிமாக்காரன் எழுதின கதை இல்லய்யா. நாவல். நூறு வருசமா நிக்கிற இலக்கியம். காலேஜுல பாடமா வச்சிருக்கான், நான் நாலு தடவை படிச்சிருக்கேன்”ன்னாரு. பாடம்னதும் எல்லாருக்கும் வாய் அடைச்சுப் போச்சு. பாடத்துல தப்பா எழுதுவானா?

கதையையும் சொன்னாரு. வயசான பாளையக்காரரு ஒருத்தரு, எட்டாவதா ஒரு சின்னப் பொண்ணைக் கட்டுதாரு. கட்டினவருக்குத் தெம்பு இல்லை. “தெம்பு”ன்னு சொல்லும்போது சாரு ரெண்டு தடவை இருமினாரு. அரண்மனை வைத்தியன் ராப்பகலா லேகியம் கிண்டுதான். அதை ராஜா வாயில வைக்கதுக்கு முன்னால சமையக்காரன் நக்கிப் பாக்கான், குதிரைக்காரன் நக்கிப் பாக்கான், கணக்கப்பிள்ளை களவாண்டு திங்கான். ராஜாவுக்கு வெறும் சட்டிதான் மிச்சம். பொறவு அரண்மனையில நடக்கிற கூத்துதான் கதை. “அதிகாரத்தை நையாண்டி பண்றதுய்யா இது”ன்னாரு சாரு. மொதல்ல கைதட்டினது யாருங்கீங்க? என் கொழுந்தன் மகராசன். “மயினி, நீங்களும் செல்லக்கிளியும் கண்டிப்பா நடிக்கணும். நம்ம குடும்பம் இலக்கியத்துல வரட்டும்”ன்னான். அவன்தாங்க்கா சொன்னான். இன்னைக்கு அதை ஞாபகப்படுத்தினா மொறைக்கான்.

எங்க வீட்டுக்காரரு அப்பம் கோழிக்கோட்டுல. பேக்கரி மாஸ்டரு. போன்ல கேட்டேன். பின்னால மாவு மிசினு சத்தம். “என்ன படம்?” “ராஜா படம், நம்ம தமிழ் சாரு படிச்ச புத்தகம்.” “சரி சரி, வெயில்ல நிக்காத”ன்னாவ. அவ்ளோதான் பேச்சு. நல்ல மனுசன்க்கா.

நாலு பேரை எடுத்தாவ. அந்தக் காலத்துல ரவிக்கை கெடையாதுன்னுட்டாவ. செல்லக்கிளி நான் மாட்டேன்னு நின்னா. பொறவு தோலு நெறத்துல ஆளுக்கொரு பனியன் குடுத்து, அது மேல சீலையைச் சுத்தி விட்டாவ. கிட்டத்துல பாத்தா பனியன் நல்லாத் தெரியும். படத்துல தெரியல. அதுக்கு நாங்க என்ன பண்ண? என் மவளுக்கு அப்பம் ஏழு மாசம். பேரு தன்ஷிகா, மாமியா மட்டும் இசக்கின்னுதான் கூப்பிடும். வேப்ப மரத்துல தொட்டில் கட்டிக் குடுத்திருந்தாவ. நடுவுல நடுவுல போய்ப் பால் குடுத்துட்டு ஓடி வருவேன்.

கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு, ஆதிரைன்னு பேரு, டைரக்டருக்கு உதவி. அதுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்துச்சு. “அக்கா, நீங்க வசனம் எல்லாம் மனப்பாடம் பண்ண வேணாம். இந்த ஜெனரேட்டர் சத்தத்துல ஒண்ணும் பதிவாகாது. சென்னையில டப்பிங் போட்டுப்போம். நீங்க ஒண்ணுலேருந்து பதினஞ்சு வரைக்கும் எண்ணுங்க, போதும். வாய் அசையணும், அவ்ளோதான். தமிழ் தெரியாத பெரிய ஹீரோயினே இப்படித்தான் எண்ணுவாங்க”ன்னுச்சு.

எண்ணுறதுக்கு நமக்கு என்ன கஷ்டம்? ஆனா சும்மா எண்ணக் கூடாதாம். ஒண்ணு ரெண்டு மூணு, பக்கத்துல இருக்கவ காதுல ரகசியம் சொல்ற மாதிரி. நாலு அஞ்சு, யாராவது வாராவளான்னு சுத்திப் பாக்கணும். ஏழுல உதட்டைக் கடிச்சு நிறுத்தணும். எட்டு ஒம்பது பத்து, நல்லதா எதையோ தின்ன ஞாபகத்துல கண்ணை மூடி இழுத்து இழுத்துச் சொல்லணும். பன்னெண்டுல பக்கத்துல இருக்கவ தோளை இடிக்கணும். பதினஞ்சுல விழுந்து விழுந்து சிரிக்கணும்.

எதுக்குச் சிரிக்கோம்னு தெரியாம எப்பிடிச் சிரிக்க? கேட்டேன். “நேத்து ராணி மீன் சாப்பிட்டாங்கக்கா, அதைப் பத்திப் பேசுறீங்க”ன்னுச்சு அந்தப் பொண்ணு. சொல்லும்போது என் மொகத்தைப் பாக்கல. என்ன மீனுன்னு கேட்டேன். கெண்டையா கெளுத்தியான்னு தெரிஞ்சாத்தான ருசியை மொகத்துல காட்ட முடியும்? காமிராக்காரன் காமிராவுக்குப் பின்னால குனிஞ்சுக்கிட்டான், முதுகு மட்டும் குலுங்குது. டைரக்டரு, “வெராலும்மா, பெரிய வெராலு. எவ்ளோ பெருசுன்னு கையால காட்டு”ன்னாரு. நான் கொளத்துல வெரால் பிடிக்கிற ஊருக்காரி. கூடக் கொறையக் காட்டுவனா? முழங்கையிலேருந்து வெரல் நுனி வரைக்கும், இப்பிடி.

அங்கன பாருங்க, திரும்பிட்டாவ. கையைக் கீழ போட்டுக்கிடுதேன்.

மூணாவது தடவையிலயே டைரக்டரு எந்திரிச்சுக் கைதட்டிட்டாருக்கா. ராணி வேசம் கட்டின நடிகை என்கிட்ட வந்து, “எப்படிம்மா அந்த ஏழுல நிறுத்தற?”ன்னு கேட்டுச்சு. சத்தியமாக் கேட்டுச்சு. செல்லக்கிளிக்குத்தான் சரியா வரல. பதினொண்ணு முடிஞ்சதும் பதிமூணுக்குத் தாவிருவா. பன்னெண்டுல இடி வாங்குறவ அவதான், அந்தப் பயம். “யக்கா, எலும்பு நொறுங்குது”ம்பா. ஆனா சிரிப்பு நல்ல சிரிப்பு. படத்துல எனக்கு அடுத்து அவ சிரிப்புக்குத்தான் விசிலு.

படம் வந்ததும் ஊரே வேன் பிடிச்சு அம்பை தியேட்டருக்குப் போனோம். மாமியா பட்டுச் சீலை கட்டிக்கிட்டு வந்துச்சு. தமிழ் சாரு எங்களுக்கு முன் வரிசை. கொளம் வந்துச்சு, மண்டபம் வந்துச்சு, நம்ம கொளம் நம்ம கொளம்னு எல்லாரும் கத்துதாவ. நான் வந்தேன். வாயைத் தெறந்தேன். ஒண்ணு வரல, ரெண்டு வரல. யாரோ ஒருத்தி, தொண்டை கட்டினவ மாதிரி கரகரன்னு, என் வாயிலேருந்து பேசுதா. என்ன பேசினான்னு என்னைச் சொல்லச் சொல்லாதீங்க, நீங்கதான் பாத்திருக்கீங்களே. ராஜாவுக்கு இல்லாததைப் பத்தியும் குதிரைக்காரனுக்கு இருக்கதைப் பத்தியும். நான் ஏழுல நிறுத்தினேன்ல? அங்கனதான் அந்த வார்த்தையைக் கொண்டாந்து வச்சிருந்தாவ. அடுத்தாப்புல நான் கையால அளவு காட்டுதேன். தியேட்டரு இடிஞ்சு விழுற மாதிரி சிரிப்பு.

உண்மையைச் சொல்லுதேன், மொதல்ல எனக்கும் சிரிப்பு வந்துட்டு. நம்ம மொகம் அவ்ளோ பெருசாத் தெரியுது, அத்தனை சனமும் நம்மளைப் பாத்துச் சிரிக்குது, சிரிக்காம என்ன செய்ய? பொறவுதான் மாமியாவைப் பாத்தேன். முந்தானையை வாயில வச்சுக்கிட்டு, திரையைப் பாக்காம என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. திரும்பி வர எல்லாரும் வேன்ல ஏறினாவ. தமிழ் சாரு பஸ்ஸுல வாரேன்னுட்டாரு. மறுநாள் லீவு போட்டுட்டு மவ வீட்டுக்குப் போனவருதான், இன்னும் வரல. நாவல்ல இப்பிடி இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஒருவேளை நாவல்லயும் இப்பிடித்தான் இருக்கோ என்னமோ.

பொறவு எவனோ அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் போன்ல விட்டுட்டான். ஒவ்வொருத்தன் போன்லயும் நான்தான். டீக்கடையில இருக்க பயலுவ நான் போகும்போது முழங்கையைத் தூக்கிக் காட்டுவானுவ. கும்பிடுதானுவன்னு நெனச்சு நானும் தலையை ஆட்டிட்டுப் போவேன். ஒரு கல்யாண வீட்டுல பொண்ணு மாப்பிள்ளையே வந்து, அதே மாதிரி கையை வைங்கக்கான்னு போட்டோ எடுத்துக்கிட்டாவ. பெருமையாத்தான் இருந்துச்சு. மகராசனுக்குத்தான் பொறுக்கல. டீக்கடையில ஒருத்தன் மண்டையை ஒடைச்சுட்டு வந்துட்டான். அந்தச் சட்டையைச் செல்லக்கிளிதான் கொளத்துல தொவைச்சா. தொவைச்சுக்கிட்டே, “யக்கா, இவரு என்கூடப் பேசியே நாளாச்சு”ன்னா. “வேலைக் களைப்பா இருக்கும்ட்டி”ன்னேன்.

அது கோழிக்கோடு வரைக்கும் போயிருக்கு பாருங்க. பேக்கரியில மாவு பெசையுற பயலுவ அதைப் போட்டுப் பாத்திருக்கானுவ. எவனோ, “மாஸ்டரே, முழங்கை நீளத்துல பிரெட் இருக்கா?”ன்னு கேட்டிருக்கான். இவிய அடுப்புல வேகுற பன்னை அப்பிடியே போட்டுட்டு வண்டி ஏறிட்டாவ. ஒரு போன் இல்லை, ஒண்ணு இல்லை. வாசல்ல வந்து நிக்காவ. நான் சந்தோசத்துல பிள்ளையைத் தூக்கிட்டு ஓடினேன். பிள்ளையை வாங்கல. என் போனைத்தான் மொதல்ல வாங்கினாவ. அன்னையிலேருந்து அது அவியகிட்டதான் இருக்கு. அதுவும் நல்லதுக்குத்தான், பிள்ளை எந்நேரமும் போன் பாத்துக் கண்ணு கெட்டுப் போவுது.

அடிப்பாவளோன்னு பயந்தேன். அடிக்கல. ஒரு கெட்ட வார்த்தை சொல்லல. அவிய தாய்மாமாவை வரச் சொன்னாவ, மகராசனும் உக்காந்தான், மாமியா கதவைச் சாத்துச்சு. “நீ அதைப் பேசினியா, இல்லியா?” அவ்ளோதான் கேள்வி. “நான் எண்ணினேன்”னேன். “என்னத்தை எண்ணின?” “ஒண்ணு, ரெண்டு.” அவியளுக்குப் புரியல. “மயினி, யாருக்குக் காது குத்துதீங்க?”ன்னான் மகராசன். டப்பிங்குன்னா என்ன, ஜெனரேட்டர் சத்தம்னா என்ன, எல்லாம் வெளக்கிச் சொன்னேன். தாய்மாமா மேலே மோட்டு வளையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. சரி, இது வாயால சொன்னா வெளங்காது, செஞ்சு காட்டிருவோம்னு எந்திரிச்சேன். செல்லக்கிளியை இழுத்துப் பக்கத்துல உக்கார வச்சேன்.

செய்யறதைத் திருந்தச் செய்யணும்லக்கா? அரைகுறையாச் செஞ்சா நம்ப மாட்டாவ. அந்த ஆதிரைப் பொண்ணு சொல்லிக் குடுத்தது ஒண்ணு விடாமச் செஞ்சேன். ஒண்ணு ரெண்டு மூணு, ரகசியம். நாலு அஞ்சு, சுத்திப் பாத்தேன். ஏழுல உதட்டைக் கடிச்சேன். எட்டு ஒம்பது பத்து, கண்ணை மூடினேன். அளவையும் காட்டினேன். செல்லக்கிளி மொதல்ல கல்லு மாதிரி இருந்தா. நான் பன்னெண்டுல ஒரு இடி இடிச்சதும் அடக்க மாட்டாமச் சிரிச்சுட்டா. வெறும் நம்பருக்கா. ஒரு கெட்ட வார்த்தை உண்டா அதுல? சின்னப் பிள்ளை படிக்கிற நம்பரு.

முடிச்சுட்டு நிமிந்து பாக்கேன். மகராசன் செல்லக்கிளியையே பாத்துக்கிட்டு இருக்கான். தாய்மாமா துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, “புரிஞ்சு போச்சுப்பா”ன்னு வெளிய போயிட்டாரு. இவிய தரையைப் பாத்துக்கிட்டே, “டப்பிங்கே தேவையில்லை போலிருக்கே”ன்னாவ. அதுக்கும் நான் சிரிச்சேன். பாராட்டுதாவன்னுதான் தோணுச்சு. அப்பாடா, எல்லாருக்கும் வெளங்கிட்டுன்னு அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்.

மறுநாள் தாய்மாமா ஒரு யோசனை சொன்னாரு. எதுக்கும் சாஸ்தா முன்னால சூடத்தைக் கொளுத்தி, நான் பேசலன்னு சொல்லி ரெண்டு பேரும் அடிச்சு அணைச்சிருங்க, பேச்சு அடங்கிரும்னு. எங்க பக்கம் வழக்கம்தான் அது. ஆடு களவு போனாலும் வேலித் தகராறுன்னாலும் சூடம் அணைச்சுட்டா பொறவு ஒருத்தரும் வாயைத் தெறக்கக் கூடாது. பொய்ச் சத்தியம் பண்ணினவளை அந்தச் சாமி விடாதாம். எனக்கு என்ன வந்துச்சு, எண்ணினதுதான? “ஊரு அம்மன் கோயில்லயே அணைக்கேன், எல்லாரும் பாக்கட்டும்”னேன். வேண்டாம்னுட்டாவ. ஊரு பாத்தது போதும்னாவ.

மொதல்ல மகராசன் செல்லக்கிளியைக் கூட்டிட்டுப் போனான். அவ பயந்தாங்கொள்ளி. காலையிலேருந்து அழுகை. நான்தான் மொகத்தைக் கழுவி விட்டு, தலை சீவி, பூ வச்சு அனுப்பினேன். “ஒரு நிமிச வேலைடி, கை சுடாது, பட்டுன்னு அடி”ன்னு சொல்லிக் குடுத்தேன்.

சாயங்காலம் மகராசன் மட்டும்தான் வந்தான்.

சூடத்தைக் கொளுத்தினதும் அவ பயந்து ஓடிட்டாளாம். சத்தியம் பண்ணப் பயம்னா பேசினது நெசம்தானன்னான். சென்னைக்குப் போயிட்டாளாம், சினிமாவுல சேர. அந்த டைரக்டருகூட முன்னாலயே போன்ல பேசி வச்சிருந்தாளாம். ஊரெல்லாம் இப்பம் அதான் பேச்சு. அவ செருப்பை மட்டும் கையில கொண்டாந்து வாசல்ல போட்டான். எனக்கு அதுதான் ஆச்சரியம். அந்தக் கல்லுலயும் முள்ளுலயும் செருப்பில்லாம எப்பிடி ரோடு வரைக்கும் ஓடினாளோ? அப்பிடி ஒரு சினிமா ஆசை. பொட்டி அப்பிடியே இருக்கு. கொடியில போட்ட சீலையை நான்தான் மடிச்சு வச்சேன். அவ அம்மா வந்து, எம் பிள்ளை எங்கன்னு வாசல்ல உக்காந்து அழுதுச்சு. போலீசுக்குப் போவேன்னுச்சு. தாய்மாமா என்னமோ பேசி அனுப்பி வச்சாரு. செல்லக்கிளி குடுத்து வச்சவ. ஆனா பதினொண்ணுக்குப் பொறவு பதிமூணுக்குத் தாவுறவளை எவன் சினிமாவுல சேப்பான்னுதான் எனக்கு ரோசனை.

என்னக்கா, ஒங்களுக்கு இப்பிடி வேர்க்குது? சன்னலைத் தெறக்கட்டா? இந்தாங்க, தண்ணி குடிங்க.

இன்னைக்கு என் முறை. எங்க மாமியா ஒருநாளும் தின்னியான்னு கேட்டது கெடையாது. இன்னைக்கு அதுவே சீயக்கா தேச்சுத் தலைக்கு ஊத்தி விட்டுச்சு. நெய் விட்டுத் தோசை சுட்டு, இன்னொண்ணு தின்னு, இன்னொண்ணு தின்னுன்னு தட்டுல போட்டுக்கிட்டே இருந்துச்சு. திடீர்னு அடுப்பைப் பாத்துத் திரும்பிக் கண்ணைத் தொடைச்சுச்சு. “என்னத்தை?”ன்னேன். “பொகை”ன்னுச்சு. எங்க வீட்டுல கேஸ் அடுப்புக்கா.

காதுல கழுத்துல கெடந்ததைக் கழட்டி வாங்கி வச்சுக்கிட்டாவ. காட்டு வழி, கள்ளன் பயம்னு. கவரிங் கம்மலைக்கூட விடல. காது ஓட்டை தூந்து போயிரக் கூடாதேன்னு வேப்பங்குச்சியைச் சொருகியிருக்கேன், பாருங்க. பிள்ளையைத் தூக்கினேன், அது இங்கனயே இருக்கட்டும்னுட்டாவ. ரெண்டு நாளா அதுக்குப் பசும்பால் பழக்குதாவ. தூங்கவும் அவிய பக்கத்துலதான் போட்டுக்கிடுதாவ. பால் மறக்கடிக்கணும்னு நானும் நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா இப்பிடித் திடீர்னு நிறுத்தினா மாரு கட்டிக்கிட்டு உயிரு போவுது. இங்கன பாருங்க, சீலையெல்லாம் நனைஞ்சு போச்சு. பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போயிரணும். திரும்பி வர பஸ்ஸு எப்பம்னு அவியகிட்ட கேட்டேன். “அதைப் பொறவு பாக்கலாம்”னாவ. டிக்கெட் எடுக்கும்போது கண்டக்டரும் கேட்டாரு, விலக்குல இந்நேரம் எறங்கினா எப்பிடித் திரும்புவீங்கன்னு. இவிய சில்லறையை எண்ணிக்கிட்டு இருந்தாவ.

மகராசனும் தாய்மாமாவும் காலையிலேயே பைக்குல போயிட்டாவ. கோயிலைச் சுத்திப் புல்லு செதுக்கணுமாம், மம்பட்டியும் கடப்பாரையும் கட்டி எடுத்துட்டுப் போயிருக்காவ. புல்லுக்கு எதுக்குக் கடப்பாரைன்னு கேட்டேன். பாறைத் தரை மயினின்னான். நாளாச்சுக்கா அவன் என்னை மொகம் பாத்து மயினின்னு கூப்பிட்டு. சாமி காரியம்னா அவன் மாறிருவான்.

அந்தக் கோயில்ல பங்குனி உத்திரத்தன்னைக்குத்தான் கூட்டமாம். மத்த நாளு பூசாரி கூடக் கெடையாது, கொரங்குதானாம். நான் பொங்கல் பானையை எடுத்து வச்சேன், அதை எறக்கி வச்சுட்டாவ. பையில என்ன இருக்குங்கீங்க? ஒரு சூடப் பாக்கெட்டு, ஒரு தீப்பெட்டி. ரெண்டு பேரு போற கோயிலுக்கு இவ்ளோ காலிப் பை நான் தூக்கினதே இல்லை.

அந்தா, வாய்க்கா பாலம் தாண்டிட்டு. அடுத்தது விலக்குதான்னு அப்பமே கண்டக்டரு சொன்னாரு. அவிய எந்திரிச்சுட்டாவ.

நீங்க எங்கனக்கா எறங்கணும்? டேமுக்கா? டேமுக்கு அடுத்த பஸ்ஸும் போவும்லா? எனக்கு ஒண்ணும் பயமில்லை. எண்ணினதுக்குச் சாமி என்ன செய்யும்? ஆனா பாருங்க, அங்கன பொம்பளை ஆளுன்னு நான் ஒருத்திதான். நல்ல கோயிலாம், நீங்களும் பாத்ததில்லைல்லா? பொங்கல் வைப்போம், ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போலாம். பானை இல்லைதான். அது கெடக்கட்டும். எங்க சித்தி மவ, பஸ்ஸுல பாத்தேன்னு நான் அவியகிட்ட சொல்லிக்கிடுதேன். அவிய ஒண்ணும் சொல்ல மாட்டாவ, ஒங்களை வச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல மாட்டாவ. வண்டி நிக்கப் போவுது. என் கையை விட்டுறாதீங்க. நீங்களும் என்கூட எறங்குங்கக்கா.